பயிற்சிக்கு மறுநாள்

60 மாணவர்கள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தன் அட்டவணையில் வகுத்திருக்கும் கணக்கு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள் இத்தனை இருப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இருவரில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போகும் நாளில், மற்றவர் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளையும் தனியே பார்த்துக்கொள்கிறார். மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் முதல் வகுப்பு எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கும். வருகைப் பதிவைக் கைப்பேசியில் ஏற்றுவது, மதிய உணவைக் கவனிப்பது, பெற்றோருக்குப் பதில் சொல்வது எல்லாம் அன்று அவர் ஒருவர் தலையில்தான். நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அந்த இரண்டாவது ஆசிரியரும் கிடையாது. அங்கே பயிற்சி நாள் என்றால் வேறு பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப் பணிக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் பாடம் இல்லை.

அதே சட்டம், தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வரையறுக்கிறது. 2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கமோ ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 20 நாள் வரை பணியிடைப் பயிற்சி என்று திட்டமிட்டது. அவ்வளவும் வேலை நாளில் நடந்தால், குழந்தையின் பள்ளி ஆண்டில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். தமிழ்நாட்டில் குறுவள மையக் கூட்டங்கள் பல ஆண்டுகள் சனிக்கிழமைகளில் நடந்ததற்கு இந்த நெருக்கடியே காரணம். அப்போது ஆசிரியரின் ஓய்வு நாள் போனது. அதற்கு ஈடுசெய் விடுப்பு கேட்டபோது, தப்பிய வகுப்பு நாள் வேறு வழியில் கைவிட்டுப் போனது.

பயிற்சி நாளுக்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்களில் பெரும்பான்மையோர், வேறு பள்ளிக்குப் போக வழியில்லாத வீட்டுக் குழந்தைகள். ஆகவே அந்த நாள் அவர்களுக்கு எதைத் திருப்பித் தருகிறது என்று கேட்பது ஆசிரியர்களைக் குறை சொல்வதாகாது. கடந்த 20 ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு ஓரளவு நம்பகமான விடைகள் கிடைத்திருக்கின்றன. அவை ஏறத்தாழ ஒரே திசையைக் காட்டுகின்றன: பயிற்சி நாளின் பலனைப் பயிற்சிக் கூடத்தைவிட, அதற்கு அடுத்து வரும் வாரங்களில் அந்த ஆசிரியரின் வகுப்பறைக்குள் யார் வருகிறார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்பதே முடிவு செய்கிறது.

இந்திய வரலாறே இந்தத் திசையில்தான் நகரப் பார்த்தது. 1964–66 கோத்தாரி கல்விக் குழு, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுப் பணிக்காலத்தில் 2 அல்லது 3 மாதப் பயிற்சி வேண்டும் என்றது. 1986ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் பயனாக மாவட்டத்துக்கு ஓர் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் என்ற ஏற்பாடு வந்தது. 1990களின் நடுவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வட்டார வள மையங்களையும், சில பள்ளிகளைச் சேர்த்துக் குறுவள மையங்களையும் உருவாக்கியது. தலைநகரிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து பக்கத்துப் பள்ளி என்று பயிற்சி ஒவ்வொரு கட்டத்திலும் வகுப்பறையை நெருங்கி வந்திருக்கிறது. வகுப்பறை வாசலைத் தாண்டும் கடைசி அடி மட்டும் இன்னும் சரியாக எடுத்து வைக்கப்படவில்லை.

அதற்குள் படிநிலைப் பயிற்சி என்னும் ஏற்பாடு வேரூன்றிவிட்டது. மாநில அளவில் கட்டகம் தயாராகும். மாநிலக் கருத்தாளர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கும், அவர்கள் வட்டாரக் கருத்தாளர்களுக்கும், அவர்கள் ஆசிரியர்களுக்கும் அதைக் கொண்டுசேர்ப்பார்கள். குறுகிய காலத்தில் லட்சக்கணக்கானவர்களை எட்ட இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு படியிலும் நாள் சுருங்குகிறது. செய்துகாட்டும் பகுதி முதலில் போகிறது, திரையில் காட்டும் பகுதி மிஞ்சுகிறது. கடைசிப் படியில் நிற்கும் கருத்தாளர், தான் விளக்கும் முறையில் ஒரு நாள்கூடக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திப் பார்க்காதவராக இருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவரோ 20 ஆண்டு பாடம் நடத்தியவர். அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அந்த இடைவெளி தெரிந்துவிடும்.

இதன் விளைவைப் பிகாரும் உத்தராகண்டும் காட்டின. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்புடன் சேர்ந்து, குழந்தைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் கற்றல் நிலை வாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பல மாநிலங்களில் சோதித்தார்கள். பிகாரில் 2008 கோடை விடுமுறை முகாம்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இந்த முறையில் நடத்தினார்கள், குழந்தைகள் முன்னேறினார்கள். பள்ளி ஆண்டு தொடங்கியதும், சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் மட்டும் தரப்பட்டன. அங்கே கற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. உத்தராகண்டிலும் அதே கதை. முறையிலோ ஆசிரியர்களின் திறமையிலோ குறை இருந்திருந்தால் கோடையிலும் பலன் கிடைத்திருக்காது. பள்ளி திறந்ததும் பாடத்திட்டத்தை முடிக்கும் கட்டாயம் முன்னே வந்து நின்றது. குழந்தைகள் பழையபடி வகுப்பு வாரியாக உட்கார்ந்தார்கள். பயிற்சியில் கற்றதைச் செய்ய நேர அட்டவணையில் இடமே இல்லை.

ஹரியாணாவில் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு செய்தார்கள். 2012–13இல் குருக்ஷேத்திரம், மகேந்திரகட் ஆகிய இரு மாவட்டங்களில், நாளுக்கு ஒரு மணி நேரம் இந்த முறைக்கென்று தனியே ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. எழுத்து தெரிந்தவர்கள் ஒரு குழு, சொல் படிப்பவர்கள் ஒரு குழு, பத்தி படிப்பவர்கள் ஒரு குழு. இன்னொரு ஏற்பாடும் இருந்தது. நம் வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர்களுக்கு இணையான வட்டார அலுவலர்கள் முதலில் 4 நாள் பயிற்சி பெற்றார்கள். அடுத்து 15 முதல் 20 நாள் தாங்களே பள்ளிகளில் குழந்தைகளுக்கு அந்த முறையில் பாடம் நடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பயிற்சி முடிந்ததும் பள்ளிகளுக்குப் போய், தேவையான இடத்தில் நடத்திக் காட்டினார்கள். இந்தி வாசிப்பில் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள்.

அதே காலத்தில் அதே மாவட்டங்களில் இன்னொரு பயிற்சியும் நடந்தது. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையில் ஆசிரியர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். குழந்தையைத் தேர்வால் மிரட்டாமல் ஆண்டு முழுவதும் கவனித்து மதிப்பிட வேண்டும் என்ற உயர்ந்த நோக்கம் அதற்கு உண்டு. மாணவர்களின் மதிப்பெண்ணில் அது எந்த மாற்றத்தையும் கொண்டுவரவில்லை என்று அதே ஆய்வுக் குழு கண்டது. ஒரே மாநிலம், ஒரே மாதிரியான ஆசிரியர்கள், இரண்டு பயிற்சிகள், இரண்டு முடிவுகள். ஒரு பயிற்சி, நாளையிலிருந்து என்ன மாற்றிச் செய்ய வேண்டும் என்று சொன்னது, அதற்கு நேரம் தந்தது, கூட நின்று உதவ ஆளும் தந்தது. மற்றது பெரும்பாலும் பதிவேடாக முடிந்தது. தமிழ்நாட்டிலும் 2012–13இல் முப்பருவ முறையோடு இதே மதிப்பீட்டு முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுப் பதிவேடுகளை நிரப்பப் பாடவேளைகளைச் செலவிட்ட ஆசிரியர்களுக்கு ஹரியாணாவின் அனுபவம் புதிதாக இருக்காது.

இதைவிடத் துல்லியமான ஒப்பீடு தென் ஆப்பிரிக்காவில் நடந்தது. வடமேற்கு மாகாணத்தில், செட்ஸ்வானா மொழி வழியில் பயிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளை இரண்டு குழுக்களாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே நாள்வாரிப் பாடத்திட்டம், ஒரே கற்றல் பொருள்கள். ஒரு குழுவின் ஆசிரியர்கள் பொது இடத்தில் கூடிச் சில நாள் பயிற்சி பெற்றார்கள். இன்னொரு குழுவின் ஆசிரியர்களுக்கு, வாசிப்புக் கற்பித்தலில் தேர்ந்த ஒரு பயிற்றுநர் மாதந்தோறும் வகுப்பறைக்கே வந்தார். இரண்டாண்டுகள் கழித்து, எவ்விதப் பயிற்சியும் பெறாத பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு குழுவிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பயிற்றுநர் வந்த வகுப்புகளின் முன்னேற்றம் மற்றதைப்போல இரண்டு மடங்கு. ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பில் 40 விழுக்காட்டுக்குச் சமம். வகுப்புக்கு ஆளை அனுப்ப அதிகச் செலவாகும் என்பது உண்மை. செலவிட்ட பணத்துக்குக் கிடைத்த பலனைக் கணக்கிட்டபோதும் அதுவே முந்தியது.

காரணத்தையும் அவர்கள் தேடினார்கள். பயிற்றுநர் வந்த வகுப்புகளில் ஆசிரியர்கள் குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவரையும் படிக்கவைத்துக் கேட்பது கூடியிருந்தது. கூடத்தில் கேட்கும்போது இது எளிது. 45 குழந்தைகள் இருக்கும் வகுப்பில் 8 பேரை முன்னே அழைத்து உட்காரவைத்தால் மீதி 37 பேர் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விக்கு எந்தக் கட்டகமும் முழு விடை தர முடியாது. அதே வகுப்பில், அதே குழந்தைகளை வைத்து ஒருவர் ஒரு தடவை நடத்திக் காட்டினால் விடை கிடைக்கும்.

பலன் தராத பயிற்சிக்குச் சான்று ஒன்று சீனாவிலிருந்து வந்தது. அங்கே அரசு பெருஞ்செலவில் நடத்திய தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டத்தை 2019இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. மாணவர் கற்றலில் ஒரு பலனும் தெரியவில்லை. பாடங்கள் கோட்பாட்டு மயமாக இருந்ததையும் செய்துபார்க்க வாய்ப்பு குறைவாக இருந்ததையும் ஆய்வாளர்கள் சுட்டினார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் 14 நாடுகளில் அரசுகள் நடத்தும் 139 பயிற்சித் திட்டங்களை, நல்ல பலன் தந்ததாக நிறுவப்பட்ட திட்டங்களோடு ஒப்பிட்டபோதும் இதே குறைகள் தென்பட்டன. பலன் தந்தவை ஒரு பாடத்தை மையமாகக் கொண்டவை, ஆசிரியர்களைச் சக ஆசிரியர்களின் முன்னே பாடம் நடத்திப் பார்க்கச் செய்தவை, பின்தொடர்ந்து பள்ளிக்குப் போனவை. அரசுத் திட்டங்கள் பெரும்பாலானவற்றில் இவை அரிதாக இருந்தன.

அப்படியானால் பயிற்சி நாளே வேண்டாமா? அப்படிச் சொல்ல இந்தச் சான்றுகள் இடம் தரவில்லை. தென் ஆப்பிரிக்காவில் கூடத்தில் நடந்த பயிற்சியும் ஓரளவு பலன் தந்தது. ஹரியாணாவின் வெற்றியும் ஒரு பயிற்சி நாளில்தான் தொடங்கியது. அந்த நாளில் எதைப் பேசுவது என்பதே கேள்வி.

52இலிருந்து 27ஐக் கழி என்றால் பல குழந்தைகள் 35 என்று எழுதுவார்கள். 7 பெரியது, 2 சிறியது. ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்து 5. அடுத்த இடத்தில் 5இலிருந்து 2 போக 3. இதைக் கவனக்குறைவு என்று தள்ள முடியாது. பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற விதியைக் குழந்தை தவறாமல் கடைப்பிடித்திருக்கிறது. இட மதிப்புதான் மனதில் ஏறவில்லை. இப்படிப்பட்ட 10 தவறுகளை ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களின் நோட்டுகளிலிருந்தே கொண்டுவந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் குழந்தை என்ன நினைத்தது என்று அலசினால், அந்த ஒரு நாள் பல ஆண்டுகளுக்கு உதவும். தமிழ் வாசிப்பிலும் இதற்கு இடம் நிறைய உண்டு. ஒற்றைக் கொம்பு எழுத்தில் முன்னால் வருகிறது, ஒலியில் பின்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் எழுத்தின் இருபுறமும் குறி நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் குழந்தை சரியாக இந்த இடத்தில் தடுமாறும். அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இலேயே இந்த வகை அறிவைத் தனியே பிரித்துக் காட்டினார். பாடம் தெரிந்திருப்பது ஒன்று, கற்பிக்கும் முறை தெரிந்திருப்பது இன்னொன்று. இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் குழந்தை எப்படி இடறும் என்று தெரிந்திருப்பது மூன்றாவது, ஆசிரியருக்கே உரியது. அதிகாரிகளின் வாழ்த்துரையும் பொதுவான ஊக்கப் பேச்சும் பாதி நாளை எடுத்துக்கொள்ளும் பயிற்சிகளில் இந்த மூன்றாவதற்கு நேரம் மிஞ்சுவதில்லை.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் பாட ஆய்வு என்ற வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைப் பல வாரங்கள் திட்டமிடுவார்கள். ஒருவர் அதைத் தன் வகுப்பில் நடத்துவார். மற்ற ஆசிரியர்கள் சுற்றி நின்று குழந்தைகளின் முகத்தையும் நோட்டையும் கவனிப்பார்கள். மற்ற வகுப்புகளை அன்று முன்னதாக வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. பிறகு விவாதம்: எந்தக் கேள்வியில் குழந்தைகள் நின்றார்கள், ஏன்? நடத்தியவரை யாரும் மதிப்பிடுவதில்லை. எல்லோரும் சேர்ந்து திட்டமிட்ட பாடம்தான் அலசப்படுகிறது.

தமிழ்நாட்டுக்கு இப்படிப்பட்ட அனுபவம் அந்நியமானதல்ல. 2003இல் எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குச் சென்று, பல வகுப்புக் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்து அட்டைகள் வழியாகத் தத்தம் வேகத்தில் கற்கும் முறையை நேரில் பார்த்தார்கள். திரும்பி வந்து நம் பாடத்திட்டத்துக்கான அட்டைகளை ஆசிரியர்களே உருவாக்கினார்கள். முதலில் 13 பள்ளிகள், பிறகு மாநகராட்சியின் 264 பள்ளிகள், 2007–08இல் மாநிலம் முழுவதும் என்று செயல்வழிக் கற்றல் பரவியது. சென்னையில் அதைத் தொடங்கியவர்கள் ஒரு வகுப்பறையைக் கண்ணால் பார்த்து, கையால் செய்து கற்றவர்கள். மாநிலம் முழுவதும் பரவியபோது அந்த நேரடி அனுபவத்தை ஒவ்வோர் ஆசிரியருக்கும் தர இயலவில்லை. சில பள்ளிகளில் அட்டைகள் குழந்தைகள் கையில் உயிரோடு புழங்கின. சில பள்ளிகளில் அலமாரியில் கிடந்தன.

2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம், பெருந்தொற்றுக் காலத்தில் தொடக்க வகுப்புக் குழந்தைகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பள்ளியை இழந்ததற்கு மறுமொழியாக வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை வாரியாகப் பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. ஹரியாணாவில் பலன் தந்த கொள்கையும் அதுதான். பருவந்தோறும் பயிற்சி, ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல் என்று ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது. ஒரு கையேட்டோடு சேர்ந்து வரும் பயிற்சி, எதனோடும் சேராத பொதுப் பயிற்சியைவிட மேலானது என்பதால் இது சரியான வழிதான்.

குறை இருக்குமிடம் பள்ளிப் பார்வை. வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் பணியிடம் உருவாக்கப்பட்டதே பள்ளிக்குப் போய் ஆசிரியருக்குத் துணை நிற்பதற்குத்தான். நடைமுறையில் புள்ளிவிவரம் திரட்டுவது, எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தின் பதிவுகளைச் சரிபார்ப்பது, திட்டங்களின் நிலை அறிக்கை அனுப்புவது என்று அவர்கள் நாள் கரைகிறது. பள்ளிக்குப் போகும் அன்றும் கையில் ஒரு படிவம் இருக்கிறது. படிவத்தோடு வருபவரிடம், ‘இந்தப் பாடம் எனக்கு வரவில்லை, ஒரு தடவை நடத்திக் காட்டுங்கள்’ என்று எந்த ஆசிரியரும் மனம் திறந்து கேட்க மாட்டார். கேட்டால் அது குறிப்பில் ஏறிவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. கண்காணிப்பவரும் துணை நிற்பவரும் ஒரே ஆளாக இருக்கும்வரை இந்த அச்சம் போகாது.

எண்ணிக்கையைப் பெருக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். மேத்யூ கிராஃப்ட் முதலியோர் வகுப்பறைத் துணைப் பயிற்சி பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்ட முடிவு, கற்பித்தலும் கற்றலும் இரண்டுமே மேம்பட்டதைக் காட்டியது. கூடவே, 100 ஆசிரியர்களுக்கு மேல் விரிந்த திட்டங்களில் பலன் பெரிதும் குறைவதையும் காட்டியது. நல்ல பயிற்றுநர்கள் எளிதில் கிடைப்பதில்லை. அவர்களை வளர்க்கக் காலம் பிடிக்கும். அனைத்துப் பாடங்களுக்கும் அனைத்து வட்டாரங்களுக்கும் ஒரே ஆணையில் விரிப்பதைவிட, தொடக்க வகுப்பு வாசிப்பு, கணக்கு என்று குறுக்கிக்கொள்வது இதனால்தான் அவசியம்.

நாளைக் கண்டுபிடிக்கும் சிக்கலுக்கு இங்கிலாந்து ஒரு வழி காட்டுகிறது. 1980களின் இறுதியில் கென்னத் பேக்கர் கல்வி அமைச்சராக இருந்தபோது, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 195 பணி நாள், மாணவருக்கு 190 நாள் என்று வைத்தார்கள். இடையிலுள்ள 5 நாள் பயிற்சிக்கு. அவர் பெயராலேயே அவை பேக்கர் நாள்கள் என்று அழைக்கப்பட்டன. குழந்தையின் பாட நாளில் கை வைக்கவில்லை. ஆசிரியரின் ஓய்வு நாளைக் கேட்காமல் பறிக்கவும் இல்லை. ஊதியத்துக்குரிய பணி நாளாகவே அது எழுதப்பட்டது. அந்த நாளில் பள்ளியின் ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்றாக, பெரும்பாலும் தங்கள் பள்ளியிலேயே உட்காருகிறார்கள். ஒருவர் மட்டும் போய்விட்டு வந்து, பார்க்காத மற்றவர்களுக்கு விளக்கும் தொல்லை இல்லை. நம் ஈராசிரியர் பள்ளிகளுக்கு இதுவே பெரிய நிவாரணமாக இருக்கும்: அருகருகே உள்ள நான்கைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் அனைவரும், நாட்காட்டியில் முன்கூட்டியே குறிக்கப்பட்ட மாணவர் வராத பணி நாளில், ஒரு பள்ளியில் கூடலாம்.

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரத் தொழில் வளர்ச்சியை எதிர்பார்க்கிறது. இணையவழிப் பாடங்களைத் திறந்து, சான்றிதழ் பதிவிறக்கி அதை நிரப்பிவிடுவது சுலபம். அதே 50 மணியை வேறு விதமாகவும் பிரிக்கலாம். கூடிக் கற்கும் நாள்கள் மூன்று, ஏறத்தாழ 18 மணி. பள்ளிக்குள் பயிற்றுநர் வந்து சேர்ந்து நடத்தும் பாடமும் அதை ஒட்டிய பேச்சுமாக மாதம் 2 மணி, பத்து மாதத்துக்கு 20 மணி. மீதி 12 மணியில் அருகமைப் பள்ளி ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்து, குழந்தைகளின் நோட்டுகளை அலசலாம்.

இதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஒரு மாவட்டத்தில் பாதி வட்டாரங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்குள்ள ஆசிரியர் பயிற்றுநர்களைப் புள்ளிவிவரப் பணியிலிருந்து ஒரு கல்வியாண்டுக்கு விடுவிக்கலாம். முதல் மாதம் அவர்களே அரும்பு நிலைக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தட்டும். அதன் பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, ஆண்டு முழுவதும் படிவம் இல்லாமல் பள்ளிக்குப் போகட்டும். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும், அந்தப் பள்ளிகளோடு தொடர்பில்லாதவர்கள் குழந்தைகளைப் படிக்கவைத்துக் கேட்டு இரண்டு பாதிகளையும் ஒப்பிடலாம். முடிவு எதுவானாலும், அதற்கு அடுத்த ஆண்டுப் பயிற்சி நாட்காட்டியை அந்த முடிவை வைத்துத் தயாரிக்க முடியும்.